நிறம் போனது சரி, நஞ்சு போனதா?

வாயு சென்சார்களிலும் நீர் சுத்திகரிப்பிலும் பயன்படும் உலோக ஆக்சைடு நானோ பொருட்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

எரிவாயுக் கசிவைக் காட்டும் சென்சார், பக்கத்தில் யாராவது சானிடைசர் தடவினாலும் அலறுகிறது. பழுதா?

பழுதில்லை, அதன் இயல்பே அதுதான். உள்ளே இருப்பது பெரும்பாலும் டின் ஆக்சைடு. ஒரு சிறிய ஹீட்டர் அதை 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தச் சூடான மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ளும், மின்தடை கூடும். எரியக்கூடிய வாயு வந்தால், ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து அந்த எலக்ட்ரான்களை விடுவிக்கும், மின்தடை இறங்கும். சென்சார் பார்ப்பது இந்த இறக்கத்தை மட்டும்தான். வந்தது மீத்தேனா, ஆல்கஹாலா என்று அதற்குத் தெரியாது.

பல்லேடியம் அல்லது பிளாட்டினம் துளி சேர்ப்பது, வெப்பநிலையை மாற்றுவது, முன்னால் கரி வடிகட்டி வைப்பது என்று இதைச் சமாளிக்க வழிகள் உண்டு. ஆனால் முழுத் தீர்வு எதுவும் இல்லை.

இதில் ‘நானோ’ எதற்கு? வெறும் விளம்பரச் சொல்லா?

இல்லை. 1962-லேயே ஜப்பானில் சேயாமா என்ற ஆய்வாளர் துத்தநாக ஆக்சைடு படலத்தை வைத்து வாயுவைக் கண்டறிந்து காட்டினார். அதே நாட்டின் டகுச்சி உருவாக்கிய டின் ஆக்சைடு சென்சாரும் அதே காலத்தது. நானோ என்று யாரும் பேசாத காலம் அது. அப்புறம்தான் அளவின் அருமை தெரிந்தது. ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பிடுங்குவதால் காலியாகும் அடுக்கு டின் ஆக்சைடில் ஏறக்குறைய 3 நானோமீட்டர் தடிமன்தான். பெரிய துகளில் அது வெறும் தோல். துகளின் குறுக்களவே 6 நானோமீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மொத்தத் துகளும் காலியாகிவிடும். உணர்திறன் சட்டென்று எகிறும்.

சிக்கல் என்னவென்றால், சென்சார் வேலை செய்யத் தேவையான அதே சூடுதான் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிதாக்குகிறது. அதனால் ஓர் ஆய்வுக்கட்டுரை கைக்கு வந்தால், எத்தனை பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) வரை உணர்ந்தது என்று நான் முதலில் பார்ப்பதில்லை. ஈரப்பதமான காற்றில், சில மாதங்கள் கழித்து எப்படி இருந்தது என்றுதான் தேடுவேன்.

எம்கியூ-135 என்ற டின் ஆக்சைடு சென்சாரை வைத்து அறையின் கார்பன் டை ஆக்சைடை அளக்கலாமா?

வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே முழுதாக எரிந்து முடிந்த பொருள். ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிய அதில் ஒன்றும் மிச்சமில்லை. திரையில் ஏறி இறங்கும் எண் பெரும்பாலும் மற்ற வாயுக்களும் ஈரப்பதமும் தருவது. அகச்சிவப்பு ஒளியை வைத்து அளக்கும் சென்சாரை வாங்குங்கள்.

ஒளி பட்டால் சாயத்தைச் சிதைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு துகளைப் போட்டு, மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் கலந்த நீரை வெயிலில் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் 95 சதவீதம் நிறம் போய்விட்டது. நீர் சுத்தமாகிவிட்டது என்று புராஜெக்டில் எழுதலாமா?

‘நிறம் போனது’ என்று எழுதுங்கள். ‘சுத்தமானது’ என்று எழுத இன்னும் நிறையச் செய்யவேண்டும்.

முதலில், சாயம் சிதைந்ததா, துகளில் போய் ஒட்டிக்கொண்டதா? ஒட்டவேண்டியது ஒட்டி முடியட்டும் என்று இருட்டில் அரை மணி நேரமாவது கலக்கிவிட்டு, அதன் பிறகே வெயிலில் வைக்கவேண்டும். துகள் போடாத சாய நீரையும் பக்கத்திலேயே வையுங்கள்; வெயில் மட்டுமே கொஞ்சம் வெளுக்கும்.

அடுத்தது பலரும் தவறவிடும் இடம். அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதாவது ஏறக்குறைய 388 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதா ஒளிதான் அதை எழுப்பும். வெயிலில் அது சுமார் 5 சதவீதமே. ஆனால் சாயமோ கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தானே விழுங்கி, எலக்ட்ரானைத் துகளுக்குக் கொடுத்துத் தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளக்கூடும். நிறமில்லாத ஃபீனாலை வைத்து அதே சோதனையைச் செய்தால்தான் துகளின் உண்மையான வேலை தெரியும்.

கடைசியாக, சாயம் ஒளியை மிகுதியாக விழுங்கும் 664 நானோமீட்டரில் அந்த உச்சம் குறைந்தாலே மூலக்கூறு அழிந்துவிட்டது என்று பொருளில்லை. மெத்தில் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்றாலும் உச்சம் இடம் மாறும், நிறம் மங்கும். மிச்சத் துண்டுகள் நீரிலேயே கிடக்கும். மொத்தக் கரிம கார்பனை அளந்து பாருங்கள். நிறம் 95 சதவீதம் போன நீரில் கார்பன் பாதிக்கு மேல் அப்படியே இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்த எண்ணையும் மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் புராஜெக்டின் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

துத்தநாக ஆக்சைடு விலை குறைவுதானே, அதையே போடலாமா?

போடலாம், ஆனால் அமில நீரில் அது கரைந்து துத்தநாக அயனிகளை விட்டுவிடும். ஒளியிலும் மெல்ல அரிபடும். கழிவுநீரின் பிஎச் பார்க்காமல் இறங்காதீர்கள்.

ஆர்சனிக்கை இரும்பு ஆக்சைடு நானோ துகள் அழித்துவிடுமா?

ஆர்சனிக் ஒரு தனிமம், அதை எதுவும் அழிக்காது. இரும்பு ஆக்சைடு அதை மேற்பரப்பில் இறுகப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மேக்னடைட் என்ற காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு என்றால் காந்தம் வைத்துத் துகளையே இழுத்து எடுக்கலாம். அது பெரிய வசதி. ஆனால் நீரில் பாஸ்பேட் அதிகம் இருந்தால் அதே இடத்துக்குப் போட்டி போட்டு ஆர்சனிக்கைத் தள்ளிவிடும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த அளவுக்குக் கீழே இறக்கிவிட்டதாகச் சொல்பவரிடம், ஆர்சனிக் ஏறிய துகள்களை அதன் பிறகு எங்கே, எப்படி வைத்தீர்கள் என்றும் கேளுங்கள்.