மறு: சிம் மாற்றிய பிறகும் ஏபிஐ ‘மாறவில்லை’ என்கிறது

வணக்கம். கடையில் புது சிம் வாங்கிப் போட்டு அரை மணி நேரம் ஆகியும், உங்கள் நிறுவனத்தின் சிம் ஸ்வாப் ஏபிஐ (ஓர் எண்ணின் சிம் அண்மையில் மாறியதா என்று வங்கி கேட்டால் பதில் தரும் மென்பொருள் இணைப்பு) வங்கிக்கு ‘மாறவில்லை’ என்றே பதில் தருகிறது என்று எழுதியிருந்தீர்கள். கமாரா (இந்த மாதிரி ஏபிஐகளுக்கான பொதுத் தரநிலை) வரையறையில் தப்பு தேடாதீர்கள். கேள்வி எப்படி வரும், பதில் எப்படிப் போகும் என்பதோடு அதன் வேலை முடிந்தது. பதிலை எங்கிருந்து எடுப்பது என்பது ஆபரேட்டர் பாடு.

சிம் மாறிய தேதி எந்த டேட்டாபேஸிலிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான்: வாடிக்கையாளர் கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்தோம், அது ராத்திரி ஒரு தடவைதான் புதுப்பிக்கப்படும். அடுத்தவர் எண்ணுக்குப் புது சிம் வாங்கும் திருடனுக்கு முதல் ஒரு மணி நேரமே போதும். ஓடிபி வாங்கிப் பணத்தை உருவிவிடுவான். அதனால் எண்ணுக்குரிய ஐஎம்எஸ்ஐ (சிம்மின் அடையாள எண்) மாறும் அந்தக் கணத்தையே ஹெச்எஸ்எஸ்ஸிலிருந்து (நெட்வொர்க்கின் சந்தாதாரர் டேட்டாபேஸ்) எடுங்கள். இ-சிம் மாற்றம் வேறு வழியில் பதிவாகலாம், அதையும் சோதியுங்கள்.

இன்னொன்று, மேக்ஸ்ஏஜ், அதாவது எவ்வளவு காலத்துக்குள் சிம் மாறியதா என்று வங்கி கேட்கும் அளவு, மணிக்கணக்கில் வரும். கொடுக்காவிட்டால் 240, அதிகபட்சம் 2400, அதாவது 100 நாள். உங்கள் பதிவுகள் 30 நாளில் அழிந்துவிட்டால் 100 நாளுக்கான கேள்விக்கு உண்மையான பதிலே இருக்காது.

எந்த டேட்டாபேஸ் என்று எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.