பேயாக வரும் கபடி வீரனுக்குப் பின்கதையும் பேச்சும் அமைப்பது எப்படி?

ஆட்டத்தின் விதியிலிருந்தே தொடங்குங்கள். ரெய்டு போகிறவன், அதாவது எதிரணிப் பக்கம் புகுந்து ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியவன், ஒரே மூச்சில் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே போக வேண்டும்; பேய்க்கு மூச்சே கிடையாது. அப்படியே விட்டால் அவனை யாரும் வெல்ல முடியாது, கதையும் படுத்துவிடும். ஆனால் ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான். அந்தக் கெடுவே அவனுக்கு எதிரியாகட்டும். உயிரோடிருந்தபோது, நடுக்கோட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் மூச்சு அறுந்து அமுக்கப்பட்டவன் என்று வையுங்கள். இந்த ஒரு சம்பவம் போதும். ஊர், சாபம் எல்லாம் அப்புறம்.

பேச்சுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மூச்சு வாங்காதவன் நிறுத்தாமல் பேசுவான்: "வலது கார்னர்காரன் அசந்துட்டான் தம்பி இப்பவே போனஸ் கோட்டைத் தாண்டிட்டு ஓடியாந்துருடா". இடையில் காற்புள்ளிகூட வேண்டாம். சாவைப் பற்றி அவன் வாயே திறக்கக் கூடாது. ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசட்டும்.