வகைக் குறிப்பில் ‘_’ வந்தால் கம்பைலர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்கு ஒரு சிறிய ஃபங்ஷனல் மொழிக்குக் கம்பைலர் எழுதுகிறேன். வகைக் குறிப்பில், அதாவது ஒரு சார்பு எந்த வகைத் தரவை வாங்கி எந்த வகையைத் தரும் என்று எழுதும் இடத்தில், ‘_’ எழுத விடலாமா? அதற்கு ‘எந்த வகையும் பொருந்தும்’ என்று பொருள் கொள்ளலாமா?

பதில்: தாராளமாக விடுங்கள் தம்பி. ஆனால் அந்தப் பொருள் மட்டும் வேண்டாம்.

ஹாஸ்கெல் போன்ற மொழியில், வகை மாறியான ‘அ’வை வைத்து ‘அ → அ’ என்று எழுதுபவர், எந்த வகையைத் தந்தாலும் சார்பு வேலை செய்யும் என்று வாக்குக் கொடுக்கிறார். சார்பின் உடலைப் பார்த்துவிட்டு அந்த ‘அ’வை முழு எண்ணாக மாற்றக் கம்பைலருக்கு உரிமை இல்லை. ‘_’ போடுபவரோ, இங்கே என்ன வகை என்று நீயே கண்டுபிடி என்கிறார். ஆகவே ஒவ்வொரு ‘_’க்கும் தனித்தனியாக ஒரு புதிய மாறியை உருவாக்கி யூனிஃபிகேஷனிடம் (வகைகளைப் பொருத்திப் பார்த்து மாறிகள் எவை என்று கண்டுபிடிக்கும் படியிடம்) விடுங்கள். ‘_ → _’ என்பதில் இரண்டு மாறிகள். இரண்டும் ஒரே வகையாக வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தீராமல் மிஞ்சியதை வழக்கம்போலப் பொதுமைப்படுத்தலாம், அதாவது எந்த வகையும் பொருந்தும் என்று ஆக்கலாம்.

எல்லையையும் கவனியுங்கள். ‘(எல்லா ஆ-வுக்கும் ஆ → ஆ) → _’ என்பதில் ‘_’ ஒருபோதும் ‘ஆ’ ஆகக் கூடாது. அடைப்புக்கு வெளியே ‘ஆ’ கிடையாது.

பலர் சறுக்குவது தன்னையே அழைக்கும் மீள்வரு சார்பில்தான். முழுக் குறிப்பு உள்ள சார்பைத் தனியாகச் சரிபார்க்கலாம். தன்னையே வேறொரு வகையில் அழைத்தாலும் பிரச்சினை இல்லை. குறிப்பில் ஒரே ஒரு ‘_’ இருந்தாலும் அந்த வசதி போய்விடும். உடலை ஊகித்து முடிக்கும்வரை அதன் முழு வகை தெரியாதே! அதனால் குறிப்பே இல்லாத சார்பாக நினைத்து, அதுவும் தாமும் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் சார்புகளோடு ஒரே கூட்டமாக ஊகியுங்கள். ஹாஸ்கெலின் ஜிஎச்சி கம்பைலரும் இப்படித்தான் செய்கிறது.

அப்புறம், பயனருக்கு என்ன சொல்வது? ஓகாமல் என்ற ஃபங்ஷனல் மொழி பேசாமல் ஏற்றுக்கொள்கிறது. 2015இல் வந்த ஜிஎச்சி 7.10, தான் ஊகித்த வகையைச் சொல்லி வழு தருகிறது. அதற்கான நீட்சியை (விரும்பினால் இயக்கக்கூடிய கூடுதல் மொழி வசதியை) இயக்கினால் அது எச்சரிக்கையாகக் குறையும். உங்கள் மொழியில், உள்ளூர்ச் சார்புகளில் பேசாமல் ஏற்கலாம். வெளிக்கு ஏற்றுமதியாகும் சார்பில் கட்டாயம் வழு தர வேண்டும் என்பேன். இல்லாவிட்டால் உடலில் ஒரு வரி மாறியதும், அதைப் பயன்படுத்தும் செய்நிரல்கள் காரணம் தெரியாமல் உடையும். அந்த வழுச்செய்தி, ‘_’ இருந்த இடத்தில் அப்படியே ஒட்டக்கூடிய வகையைக் காட்ட வேண்டும். அதைத் தமிழிலும் தாருங்கள். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

தரவு வகை வரையறைக்குள் மட்டும் ‘_’ஐ விடாதீர்கள். பார்த்து ஊகிக்க அங்கே உடலே இல்லை.