திரையில் 100, வாங்கியது 100.89: யார் ஏமாற்றினார்கள்?

கேள்வி: மென்பொருள் துறையில் இருக்கிறேன். சில மாதங்களாக சார்ட் பார்த்துப் பங்கு வர்த்தகம் கற்றுவருகிறேன். அண்மையில் ஒரு சிறு நிறுவனப் பங்கின் விலை திரையில் 100 என்று இருந்தது. 1000 பங்குகளுக்கு மார்க்கெட் ஆர்டர் போட்டேன். சராசரி விலை 100.89 என்று வந்தது. புரோக்கர் ஏமாற்றிவிட்டாரா? பொத்தானை அழுத்திய பிறகு உள்ளே என்னதான் நடக்கிறது? எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

பதில்: உங்கள் புரோக்கர் மேல் சந்தேகப்பட இதில் ஒன்றும் இல்லை. திரையில் நீங்கள் பார்த்த 100, கடைசியாக யாரோ இருவருக்குள் முடிந்த வியாபாரத்தின் விலை. அடுத்து வருபவருக்கு அதே விலையில் தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

உண்மையான சந்தை ஆர்டர் புக்கில் இருக்கிறது. வாங்க நிற்பவர்கள் ஒரு பக்கம், விற்க நிற்பவர்கள் மறுபக்கம். விற்பவர்கள் பக்கத்தில் 100.10-க்கு 200 பங்கு, 100.40-க்கு 300, 101.50-க்கு 500 இருந்தன என்று வையுங்கள். மார்க்கெட் ஆர்டர் என்றால் 'என்ன விலையானாலும் சரி, இப்போதே கொடு' என்று பொருள். உங்கள் 1000 பங்கு மூன்று படிகளையும் காலி செய்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சராசரி சரியாக 100.89 வரும். அதையே 'இந்த விலைக்கு மேல் வேண்டாம்' என்று சொல்லும் லிமிட் ஆர்டராக, 100.40-க்குப் போட்டிருந்தால் 500 பங்கு உடனே கிடைத்திருக்கும். மீதி 500 வாங்குபவர் வரிசையில் காத்திருக்கும். கிடைக்காமலே போகவும் வாய்ப்பு உண்டு, அதுதான் லிமிட் ஆர்டரின் விலை.

பெரும்பாலான சந்தைகளில் வரிசையின் விதி எளிது: நல்ல விலை சொன்னவர் முன்னால், ஒரே விலை என்றால் முதலில் வந்தவர் முன்னால். பெரிய நிறுவனங்கள் மைக்ரோ விநாடிக்காகப் பணத்தைக் கொட்டுவது இந்த இரண்டாவது பாதிக்காகத்தான். நம்மைப் போன்றவர்கள் அந்தப் பந்தயத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

கம்ப்யூட்டர் வந்த அன்றே இதெல்லாம் வந்துவிடவில்லை. 1971-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக் தொடங்கியபோது திரையில் விலை மட்டுமே தெரியும், வியாபாரம் போனில்தான். 1987 அக்டோபர் வீழ்ச்சியில் பல டீலர்கள் போனையே எடுக்கவில்லை என்ற புகார் பெரிதாக எழுந்தது. இயந்திரம் போனை எடுக்காமல் இருக்காது, சரி. ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லாவிட்டால் அது என்ன செய்யும்? 2010 மே 6 அன்று அமெரிக்காவில் டவ் ஜோன்ஸ் குறியீடு சில நிமிடங்களில் சரிந்து, ஒரு கட்டத்தில் அன்றைய இழப்பு ஏறத்தாழ 1000 புள்ளியைத் தொட்டு, பெருமளவு மீண்டது. அந்த இடைவெளியில் பெயர்பெற்ற சில நிறுவனங்களின் பங்குகள் ஒரு சென்ட்டுக்குக் கைமாறின. வாங்குபவர் பக்கம் காலியாகி, ஒப்புக்குப் போட்டுவைத்த ஆர்டர்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. ஸ்டாப்-லாஸ், அதாவது 'விலை இவ்வளவுக்கு இறங்கினால் விற்றுவிடு' என்ற ஆர்டர், போட்டால் பத்திரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அந்த விலை தொட்டதும் அது பெரும்பாலும் மார்க்கெட் ஆர்டராக மாறி, கிடைத்த விலைக்கு விற்கும்.

ஆர்டர் பொருந்திய பிறகு நடப்பது சலிப்பூட்டும் வேலை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். கிளியரிங் ஹவுஸ் நடுவில் புகுந்து, விற்பவருக்கு வாங்குபவராகவும் வாங்குபவருக்கு விற்பவராகவும் ஆகிவிடும். எதிராளி பங்கைத் தராமல் ஓடினாலும் உங்களுக்குப் பங்கு வந்துசேர அதுவே பொறுப்பு. பங்கும் பணமும் கைமாறுவது செட்டில்மென்ட் அன்று. அமெரிக்காவில் 2024 மே மாதம் முதல் அது அடுத்த வேலை நாள்.

எங்கே தொடங்குவது? சார்ட்டைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். அதிகம் வியாபாரமாகும் பங்கு ஒன்று, சோம்பேறிப் பங்கு ஒன்று எடுத்து, இரண்டின் ஆர்டர் புக்கையும் ஒரு வாரம் பாருங்கள். சந்தை திறந்ததும், நடுப்பகலில், மூடும் நேரத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துவையுங்கள். நிஜப் பணமில்லாமல் வர்த்தகம் பழகும் பேப்பர் டிரேடிங் செயலிகள் பழகுவதற்கு நல்லவை. ஆனால் அவற்றில் பல, திரையில் தெரியும் விலையிலேயே எத்தனை பங்கானாலும் கொடுத்துவிடும். நீங்கள் மாட்டிக்கொண்ட விஷயத்தையே அவை மறைத்துவிடுகின்றன.

மென்பொருள்காரர் என்பதால் உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வாங்கும் ஆர்டரையும் விற்கும் ஆர்டரையும் பொருத்தும் ஒரு குட்டி மேட்சிங் எஞ்சினை நீங்களே எழுதுங்கள். விலை, நேரம் என்று அடுக்கிய இரண்டு வரிசைகள், பாதி நிறைவேறும் ஆர்டர், ரத்து, அவ்வளவுதான். ஒரு வார இறுதி போதும், பத்து காணொளியில் கிடைக்காதது அதில் கிடைக்கும்.

அப்புறம் அதை நிஜக் கணக்கில் இணைத்துத் தானாக ஆர்டர் போட வைக்கும் ஆசை வரும். அதற்கு முன் 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு நடந்ததைப் படியுங்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. அதில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு ஆர்டர்களாக அனுப்பித் தள்ளியது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் போயிற்று. உங்கள் நிரலில் முதலில் எழுத வேண்டியது, எல்லா ஆர்டரையும் ரத்து செய்து நிறுத்தும் பொத்தான்.