1938-ஐ 1939 ஆக்கிய வெள்ளி ரூபாய்: வழக்கா, சமரசமா?

கேள்வி: ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியன் நான். பதினான்கு மாதங்களுக்கு முன், என் மைத்துனருக்கு நெருக்கமான ஒரு நாணய வியாபாரியிடம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்றை 1,85,000 ரூபாய்க்கு வாங்கினேன். பணம் கொடுக்கும் முன்பே எங்கள் ஊர் நகை ஆசாரியிடம் காட்டினேன். எடை சரி, வெள்ளி நல்ல வெள்ளி என்றார். இரண்டு மூன்று வருடத்தில் ஐந்து லட்சத்துக்குப் போகும் என்று வியாபாரியும் சொன்னார். சென்ற மாதம் ஒரு நாணயக் கண்காட்சியில் இரண்டு சேகரிப்பாளர்கள் லென்ஸ் வைத்துப் பார்த்து, 1938 என்பதில் உள்ள 8-ஐ 9 ஆக மாற்றியிருக்கிறார்கள் என்றார்கள். வியாபாரியிடம் போய்க் கேட்டால், 'வாங்கும்போது கண் தெரியவில்லையா' என்று பலர் முன்னிலையில் அவமானப்படுத்தினார். இப்போது மைத்துனர் மூலமாக, ஒரு லட்சம் ரொக்கமும் காவிரிப் படுகையில் கிடைத்த சோழர் பொற்காசு ஒன்றும் தருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்குப் பணம்கூடப் பெரிதில்லை, அவர் சிறைக்குப் போக வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்று பக்கம் மைத்துனரைப் பற்றியும், கடையில் பட்ட அவமானத்தைப் பற்றியும், ஓய்வூதியப் பணத்தைப் பற்றியும் இருக்கிறது. அவை எதுவும் நீதிமன்றத்தில் எடைக்கு வராது. உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப் போவது, கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிதான்: பணம் அனுப்புவதற்கு முதல்நாள், நாணயத்தின் இரு பக்கப் படங்களோடு '1939 பாம்பே மின்ட், ஒரிஜினல், கேரண்டி' என்று வியாபாரி உங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. விற்பவர் ஒரு பொருளை இன்னதென்று விவரித்து விற்றால், பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்தியே ஆக வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் 15-ஆம் பிரிவு சொல்லும் நிபந்தனை. பில்லில் 'பழைய நாணயம் – 1' என்று மட்டும் எழுதி, கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருப்பதைக் கண்டு நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள். பணத்தை வாங்கிய பிறகு கையில் கொடுத்த தாளில் உள்ள ஒரு அச்சு வரி, முதல்நாள் எழுத்தில் கொடுத்த உறுதியை அழித்துவிடாது. அவர் கொடுத்த 'நம்பகச் சான்றிதழ்' என்னும் அட்டையை அதிகம் நம்பாதீர்கள். 'எங்கள் அபிப்பிராயத்தில் அசல்' என்பது அதன் வாசகம். அபிப்பிராயம் தவறாகப் போனது என்று அவர் சொன்னால் அந்த அட்டையை வைத்து அவரைப் பிடிக்க முடியாது. ஆனால் வாட்ஸ்அப் செய்தியில் அபிப்பிராயம் எதுவும் இல்லை. அங்கே ஆண்டையும் நாணயம் அடித்த சாலையையும் (மின்ட்) உண்மைச் சங்கதிகளாகவே சொல்லியிருக்கிறார்.

அவமானம் என்று நீங்கள் எழுதியிருப்பது, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கையில் ஒரு வாதமாக மாறும் என்பதை மட்டும் கவனியுங்கள். ஒப்பந்தச் சட்டம் 19-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. தவறான தகவலாலோ, மோசடி எண்ணத்தோடு வாய் மூடியிருந்ததாலோ ஒருவர் சம்மதித்திருந்தாலும், சாதாரணக் கவனத்தோடு விசாரித்தால் உண்மையை அறிந்திருக்கலாம் என்ற நிலை இருந்தால், அவர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. 'கண் தெரியவில்லையா' என்று அவர் கேட்டது இதைத்தான். கூடவே, 'என்னை நம்பி வாங்கவில்லை, ஆசாரியை நம்பித்தான் வாங்கினார்' என்றும் சொல்வார். நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் ஆசாரி சோதனை அவருக்கே துணையாகப் போகும்.

இதற்கு விடை அந்த நாணயத்திலேயே இருக்கிறது. 1938, 1939 ஆகிய இரண்டு ஆண்டு ரூபாய்களும் ஒரே எடை, அதாவது ஒரு தோலா, சுமார் 11.66 கிராம். இரண்டிலும் வெள்ளி 91.7 சதவீதம். 1940-இல்தான் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1938 ரூபாய் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும். 1939 ரூபாய் வெளியே வந்ததே மிகச் சொற்பம், அதனால்தான் அந்த விலை. ஆகவே போலி செய்பவர் வெள்ளியை வார்க்க வேண்டியதில்லை. அசல் 1938 ரூபாய் ஒன்றை எடுத்துக் கடைசி இலக்கத்தின் கீழ் வளையத்தை மட்டும் செதுக்கித் திறந்துவிட்டால் போதும். தராசும் உரைகல்லும் அதை அசல் என்றுதான் சொல்லும், ஏனென்றால் வெள்ளி அசல்தான். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், அந்த ஒரு இலக்கத்தைச் சுற்றி மட்டும் தளம் லேசாகக் குழிந்தோ, மெல்லிய கீறல்களோடு தேய்த்து மினுக்கியது போலவோ இருக்கும். மற்ற மூன்று இலக்கங்களின் விளிம்புக்கும் அதன் விளிம்புக்கும் கூர்மையில் வேறுபாடு தெரியும். ஆசாரி சோதித்தது உலோகத்தை, கேள்வியோ ஆண்டைப் பற்றியது. எனவே ஆசாரியிடம் காட்டியது உண்மையை அறியும் வழியே அல்ல என்று நாம் வாதிடலாம். மேலும், பொய் என்று தெரிந்தே ஒன்றை உண்மை என்று சொல்லி விற்றிருந்தால் அந்த விதிவிலக்கு அவருக்கு உதவாது. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான்.

சிறை என்னும் ஆசைக்கு வருகிறேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-இன் கீழ் ஏமாற்றுக் குற்றத்துக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அது சரிதான். ஆனால் விற்ற நாளிலேயே ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்தது என்று காட்ட வேண்டும். அவர் காவல் நிலையத்தில் சொல்லப்போகும் முதல் வாக்கியம், 'எனக்கும் ஒருவர் அசல் என்றுதான் விற்றார்' என்பது. நாணய வியாபாரத்தில் கைமாறும் சரக்குக்கு அநேகமாகப் பில் இருப்பதில்லை, ஆகவே அந்த வாக்கியத்தைப் பொய் என்று காட்டுவது எளிதில்லை. இதே ஆண்டு ரூபாயை இதே போல் வேறு யாருக்காவது அவர் விற்றிருப்பது தெரியவந்தால் நிலைமை மாறும், அப்போது எழுதுங்கள். அதுவரை, 'பணத்தைத் திருப்பித் தராவிட்டால் போலீசுக்குப் போவேன்' என்று தயவுசெய்து எழுத்தில் அனுப்பாதீர்கள். குற்ற வழக்கைக் காட்டிப் பணம் கேட்டார் என்று உங்கள் மீதே மிரட்டல் புகார் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். முகநூலில் பெயர் போட்டு எழுதுவதும் அப்படித்தான், அவதூறு வழக்கில் பதில் சொல்லும் இடத்தில் நீங்கள் நிற்க வேண்டி வரும்.

அடுத்து, மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை, அதனால் எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். இங்கேதான் கட்சிக்காரர்கள் தங்கள் கையாலேயே வழக்கைக் கொன்றுவிடுகிறார்கள். மறு விற்பனைக்காக வாங்கியவர் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே அல்ல. 'ஐந்து லட்சத்துக்கு விற்கலாம் என்று ஆசை காட்டினார், நம்பி வாங்கினேன்' என்பதைத் தன் ஏமாற்றத்தின் அளவைக் காட்டுவதாக நினைத்து, வழக்குக்கு முன் எதிர்த்தரப்புக்கு அனுப்பும் அறிவிப்பின் முதல் பத்தியிலேயே எழுதுவார்கள். எதிர்த்தரப்பு அந்தப் பத்தியை அடிக்கோடிட்டுக் கொடுத்தால் போதும், மனு தகுதியில்லை என்று போய்விடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. பல வருடங்களாக நாணயம் சேர்ப்பவர், சேகரிப்பில் வைக்கத்தான் வாங்கினீர்கள் என்பது உண்மையானால், அதை உங்கள் ஆல்பமும் பழைய பில்களும் சொல்லும். உண்மையில் விற்று லாபம் பார்க்கத்தான் வாங்கினீர்கள் என்றால் ஆணையத்தை மறந்துவிட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் இப்போது மூன்று சதவீதம், உங்கள் தொகைக்கு 5,550 ரூபாய். இரண்டில் எது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதன் பிறகு அறிவிப்பு எழுதுங்கள். எழுதிய பிறகு மாற்ற முடியாது.

இதையெல்லாம்விட நான் அதிகம் பயப்படுவது அந்த நாணயம் இப்போது இருக்கும் நிலையைப் பற்றி. கண்காட்சியிலிருந்து திரும்பியபின் அதை யாரிடமாவது கொடுத்தீர்களா, எதிலாவது கழுவினீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வெள்ளி என்றதும் விபூதி போட்டுத் துலக்குகிறவர்கள் இருக்கிறார்கள், இன்னும் ஒரு முறை உறுதிசெய்யலாமே என்று இன்னொரு ஆசாரியிடம் அமிலச் சோதனைக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். செதுக்கிய அடையாளம் எது, துலக்கிய கீறல் எது என்று பிறகு எந்த நிபுணரும் உறுதியாகச் சொல்ல மாட்டார். இதைவிடப் பெரிய பள்ளம், 'அனுப்பி வையுங்கள், என் ஆளிடம் காட்டிப் பார்க்கிறேன்' என்று வியாபாரி இனிமையாகக் கேட்பது. என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் கூரியரில் அனுப்பினார். திரும்பி வந்தது வேறு 1938 ரூபாய், இலக்கத்தில் கை படாதது. 'நான் விற்றது இதைத்தான், 1939 என்று நான் சொல்லவே இல்லை, படத்தில் வெளிச்சத்தில் அப்படித் தெரிந்திருக்கும்' என்றார் விற்றவர். அந்தக் கட்சிக்காரரிடம் பழைய நாணயத்தின் அருகிலிருந்து எடுத்த ஒரு படம்கூட இல்லை. எதைத் திருப்பிக் கொடுத்தார், எது திரும்பி வந்தது என்று நிரூபிக்க வழியே இல்லாமல் போனது.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது இது. இரு பக்கங்களையும் விளிம்பையும், குறிப்பாக ஆண்டு இலக்கங்களையும், அருகிலிருந்து தெளிவாகப் படமெடுங்கள். வியாபாரி அனுப்பிய படத்தில் உள்ள சிறு வடு, கறை, விளிம்புத் தேய்வு ஆகியவை உங்கள் நாணயத்திலும் அதே இடத்தில் இருப்பதைக் காட்டும்படி ஒரே கோணத்தில் எடுங்கள். அவர் விற்றதும் உங்களிடம் இருப்பதும் ஒன்றுதான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எடையை மில்லிகிராம் வரை குறித்து, சாட்சிகள் முன்னிலையில் உறையிலிட்டு முத்திரையிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் கைப்பேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம். படப்பிரதியை மட்டும் நீட்டினால் போதாது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும். கண்காட்சியில் பார்த்த அந்த இருவர் சாட்சி சொல்ல வருவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். வழக்கமாக வர மாட்டார்கள். வியாபாரியோடு தொடர்பில்லாத ஒரு நாணயவியலாளரிடம், காரணங்களோடு எழுத்தில் கருத்துப் பெறுவதுதான் வழி.

'வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. போலி என்று தெரிந்தபின் 1939 என்று சொல்லி விற்றால், வியாபாரி மீது நீங்கள் நிரூபிக்கத் திணறும் குற்றமனம் உங்களிடம் எழுத்திலேயே இருக்கும், எனக்கு எழுதிய இந்தக் கடிதமே போதும். இணையத்தில் விளம்பரம் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். ரிசர்வ் வங்கியிலிருந்து பேசுகிறோம், கமிஷனும் வரியும் முன்பணமாகக் கட்டுங்கள் என்று அழைப்பு வரும். இத்தகைய பழைய நாணய வியாபாரத்தில் தனக்குத் தொடர்பே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021-இல் எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது.

இப்போது அவர் சொல்லி அனுப்பிய சமரசம். சமரசம் செய்துகொள்ளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை, ஆனால் அந்தச் சோழர் காசைத் தொடாதீர்கள். செம்பில் வரும் ராஜராஜன் காசு மலிவாகவே கிடைக்கும். பொன்னில் வருவது அரிது, அதனாலேயே போலி செய்பவர்களுக்கும் பிடித்தது. அது போலியானால் ஒரு போலிக்கு இன்னொரு போலியை வாங்கி வீட்டுக்கு வருவீர்கள். அது உண்மையானால் இன்னும் ஆபத்து. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டப்படி தொல்பொருள், அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். 'படுகையில் கிடைத்தது' என்று அவரே சொல்வதால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் வந்து நிற்கும். மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருளை எடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும், தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை. யாரும் தெரிவிக்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். விசாரணை வந்தால் காசு இருக்கும் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். (உங்களுடைய 1939 ரூபாய்க்கு நூறு வயது ஆகாததால் இந்தச் சிக்கல் எதுவும் அதற்கு இல்லை.)

பணமாக மட்டும் கேளுங்கள். 1,85,000 கேட்டு, ஒன்றரை லட்சத்துக்கு இறங்கிவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று ஆண்டு, நிபுணர் செலவு, மேல்முறையீடு எல்லாம் கழித்துப் பார்த்தால் வழக்கில் வெல்லும் தொகை இதைவிடப் பெரிதாக உங்கள் கைக்கு வராது. தொகை உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே நாணயத்தைக் கொடுங்கள். பின்தேதியிட்ட காசோலை வேண்டாம். திரும்பினால் முப்பது நாளில் அறிவிப்பு, பதினைந்து நாள் அவகாசம், பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் என்று இன்னொரு வழக்குக்குள் இறங்க வேண்டியிருக்கும். உடன்படிக்கையில் 'ஆண்டு இலக்கம் மாற்றப்பட்ட 1938 ரூபாய் திருப்பி ஒப்படைக்கப்பட்டது' என்று எடையோடும் படங்களோடும் எழுதி, இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். அந்த நாணயம் அடுத்தவர் தலையில் விழுமே என்ற உங்கள் கவலைக்கும் அந்த வரி ஓரளவு பதில். 'புகார் கொடுக்க மாட்டேன்' என்பதைத் தொகைக்கு விலையாக எழுத மட்டும் சம்மதிக்காதீர்கள், குற்ற வழக்கை விலை பேசும் ஒப்பந்தம் செல்லாது. மைத்துனர் தூது போகட்டும், ஆனால் அவர் கையில் நாணயத்தைக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

எதிர்த்தரப்பு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் ஏற மறுத்தால் எனக்கு எழுதுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுதான் கெடு. வாங்கிய நாளிலிருந்தே எண்ணி, மீதமிருக்கும் பத்து மாதத்தில் முதல் இரண்டு மாதத்துக்குள் அறிவிப்பு போய்விட வேண்டும்.