‘ஹேவிங்’ எப்போது வரலாம்?

கேள்வி: நேர்முகத் தேர்வில் ‘ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றேன். கேட்டவர் சிரித்துவிட்டார். என்ன தவறு? அடுத்த வாரம் இன்னொரு தேர்வு இருக்கிறது.

பதில்: சிரித்தவர் வீட்டிலும் இதே வாக்கியம் புழங்கிக்கொண்டிருக்கும், விடுங்கள். ‘ஐ ஹேவ் த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று சொல்லியிருக்க வேண்டும். பொருள், உறவு, காய்ச்சல், அனுபவம் என நம்மிடம் இருப்பது எதுவானாலும் ‘ஹேவிங்’ வராது.

தமிழில் ‘ஹேவ்’ போல ஒரு வினை கிடையாது. ‘எனக்குத் தம்பி இருக்கிறான்’, ‘என்னிடம் பேனா இருக்கிறது’ என்று உருபை மாற்றி, ‘இரு’வை வைத்தே சமாளிக்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஐ ஹேவ்’தான். கைடு போடுகிறவர்களோ ‘ஹேவ் என்றால் வைத்திரு’ என்று ஒரே வரியில் கடையைக் கட்டிவிடுகிறார்கள். மனம் ‘வைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்கிறது, வாய் ‘ஐ ஆம் ஹேவிங்’ என்கிறது. தம்பியை யாராவது வைத்துக்கொண்டிருப்பார்களா?

ஒரு விலக்கு உண்டு. ‘ஹேவ்’ ஒரு செயலைக் குறித்தால் ‘ஹேவிங்’ தாராளமாக வரும். ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி; சோறு இலையில் இருக்கிறது, கை பிசைந்துகொண்டிருக்கிறது. ‘ஐ ஹேவ் லஞ்ச் அட் ஒன்’ என்றால் தினமும் ஒரு மணிக்குச் சாப்பிடும் வழக்கம். குளிப்பதற்கும் இப்படியே. இன்னொன்றைக் கவனியுங்கள்: ‘ஷி ஹேஸ் எ பேபி’ என்றால் அவளுக்குக் குழந்தை இருக்கிறது. ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவள் பிள்ளைத்தாய்ச்சி, அல்லது பிரசவ அறையில் இருக்கிறாள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று விடுப்புக் கடிதத்தில் எழுத நினைத்து இரண்டாவதை எழுதினால், மேலாளர் வாழ்த்துச் சொல்லிவிடுவார்.

இதற்காக ‘30 நாளில் சரளமான ஆங்கிலம்’ என்று சுவரெழுத்து போடுகிறவர்களிடம் போய்ப் பணத்தைக் கொட்டாதீர்கள். முழுக் கட்டணத்தையும் முதல் நாளே கேட்டால் அப்படியே திரும்பி நடங்கள். என்னிடம் வந்த ஒருவருக்கு அப்படிக் கட்டிய பணத்துக்குக் கிடைத்தது ஒரு கட்டு ஜெராக்ஸ்தான்; அதன் முதல் பக்கத்திலேயே ‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’. அவர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? 12 ஆண்டுகள் பள்ளியில் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றி மதிப்பெண் வாங்க வைத்தோம். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேச வைத்தோமா?

அடுத்த வாரம் அவர்கள் ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்றால், ‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ போதும். எதிரே இருப்பவர் வெளிநாட்டுக்காரராக இருந்தால், ‘டவுட்’ என்றதும் தன்னை நீங்கள் நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வார்.