சீட் எண்ணை 42-இல் பூட்டிவிட்டால் பிரச்சினை தீருமா?

கேள்வி: எங்கள் பைத்தான் புராஜெக்டில் சுமார் 400 டெஸ்ட்கள், அதாவது கோடு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சிறு நிரல்கள். இரண்டு வருடமாக எல்லாம் பாஸ். போன மாதம் சீனியர் ஒருவர், டெஸ்ட்களை ஓட்டும் கருவியான பைடெஸ்டில் ராண்டம்லி என்ற பிளகினைச் (கூடுதல் வசதியை) சேர்த்து, டெஸ்ட்கள் ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் ஓடும்படி செய்துவிட்டார். அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நான்கு தடவை ஏதாவது ஒரு டெஸ்ட் தோற்று பில்டு விழுகிறது. மறுபடி ஓட்டினால் பாஸ் ஆகிறது. எந்த வரிசை வரும் என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை 42 என்று நிரந்தரமாக வைத்துவிடு என்கிறார் மேனேஜர். எங்கள் டெஸ்டிங் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்திருக்கும் வெளி நிறுவனமோ, தோற்றால் தானாகவே மூன்று தடவை ஓடிப் பார்க்கும்படி செய்து தருகிறோம், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். சீனியர் செய்ததுதான் சரி. அதை அப்படியே விட்டுவைத்து, விழும் டெஸ்ட்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் டெஸ்ட்கள் போன மாதம் கெடவில்லை. இரண்டு வருடமாகவே கெட்டுத்தான் இருந்தன. வரிசை மாறாததால் வெளியே தெரியவில்லை. ஓர் உதாரணம். வரி விகிதம் மாறினால் பில் சரியாக வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட், செட்டிங்ஸில் ஜிஎஸ்டியை 18-இலிருந்து 5 ஆக்குகிறது. வேலை முடிந்ததும் பழையபடி 18 ஆக்க, எழுதியவர் மறந்துவிட்டார். இன்னொரு டெஸ்ட், 1000 ரூபாய்ப் பொருளுக்கு 1180 வர வேண்டும் என்கிறது. பைடெஸ்ட் சும்மா விட்டால் கோப்பில் எழுதியிருக்கும் வரிசையில்தான் ஓட்டும். 1180 பார்க்கும் டெஸ்ட் முன்னால், வரி மாற்றும் டெஸ்ட் பின்னால். யாருக்கும் சேதமில்லை. கலைத்துப் போட்ட ஒரு நாள் வரி மாற்றும் டெஸ்ட் முன்னால் வந்துவிடுகிறது. 1180 வர வேண்டிய இடத்தில் 1050 வருகிறது. தப்பு செய்தது ஒரு டெஸ்ட், லாகில், அதாவது ஓட்டத்தின் பதிவில், சிவப்பாகத் தெரிவது இன்னொன்று. ஜூனியர்கள் குழம்பிப்போவது இந்த இடத்தில்தான்.

வரிசை மாறவே மாறாது என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. 2011-இல் ஜாவா 7 வந்தபோது, ஒரு கிளாஸில் உள்ள மெத்தட்கள் கிடைக்கும் வரிசை மாறிப்போய், பழைய வரிசையை நம்பியிருந்த டெஸ்ட்கள் ஜாவாவின் டெஸ்ட் கருவியான ஜேயூனிட்டில் விழுந்தன. ரூபி மொழியின் டெஸ்ட் கருவியான மினிடெஸ்ட், நாம் எதுவும் சொல்லாவிட்டாலும் கலைத்துத்தான் ஓட்டும். கோ மொழியில் 1.17 பதிப்பிலும், பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் 4.0 பதிப்பிலும், இரண்டும் 2021-இல், கலைத்து ஓட்டும் வசதி வந்துவிட்டது.

சீட் எண்ணில் மர்மம் ஒன்றும் இல்லை. கணினி கலைப்பது உண்மையில் ஒரு கணக்கு. அது எந்த எண்ணை வைத்துத் தொடங்குகிறதோ அதுதான் சீட். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை திரும்ப வரும். ஆகவே, தோற்ற ஓட்டத்தின் சீட் எண்தான் உங்கள் கையில் இருக்கும் தடயம். லாகின் தொடக்கத்திலேயே அச்சாகியிருக்கும். மறுபடி ஓட்டும் பொத்தானைத் தொடும் முன் அதையும், அப்போதைய கோடு எந்தப் பதிப்பு என்று காட்டும் கமிட் எண்ணையும் எழுதி வையுங்கள்.

42 என்று பூட்டினால் என்ன ஆகும்? 400 டெஸ்ட்களை எத்தனையோ விதமாக அடுக்கலாம். அதில் ஒரே ஒரு அடுக்கை மட்டும் காலமெல்லாம் ஓட்டுவீர்கள். பழைய வரிசை போய்ப் புது வரிசை நிலைத்துவிடும், அவ்வளவுதான். உங்கள் மேனேஜரைத் தனியாகக் குறை சொல்லவில்லை. வாராந்தர அறிக்கையில் பாஸ் சதவீதம் என்ற ஒரே ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கும் மேலிடம் இருக்கும்வரை, எல்லா மேனேஜரும் 42-ஐத்தான் கேட்பார்கள். டெஸ்ட் எதைக் கண்டுபிடித்தது என்று கேட்க அந்த அறிக்கையில் ஒரு கட்டம்கூட இல்லை. இது எனக்கு இன்றுவரை ஜீரணிக்க முடியாத விஷயம்.

அப்புறம் அந்த மூன்று தடவைக் கதை. இதில் கவனமாக இருங்கள். நிஜமான பிழை ஒன்று பத்து ஓட்டத்துக்கு ஒரு முறை தலைகாட்டுகிறது என்று வையுங்கள். மூன்று தடவையும் தோற்றால்தான் சிவப்பு என்று வைத்துவிட்டால், அது ஆயிரத்துக்கு ஒரு முறைதான் உங்கள் கண்ணில் படும். பிழை அப்படியே இருக்கிறது, பார்க்கும் வழியை அடைத்துவிட்டீர்கள். அதற்குக் கட்டணம் வேறு. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், இத்தனை டெஸ்ட்டுக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு வாங்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர், கோப்புகளுக்கு 001, 002 என்று பெயர் வைத்து வரிசையை இறுக்கிக் கட்டிக் கொடுத்திருந்தார். ஒன்றை மட்டும் தனியாக ஓட்டினால் ஓடாது. ஒரே வேலையை எட்டுத் துண்டாக வெட்டி எட்டு டெஸ்ட்டுக்கான பணம் வாங்கியிருக்கிறார் என்று கலைத்து ஓட்டியபோதுதான் தெரிந்தது. உங்கள் ஒப்பந்தத்திலும் எண்ணிக்கைக்குத்தான் காசா என்று பாருங்கள்.

குற்றவாளியைப் பிடிப்பது எப்படி? குறித்து வைத்த கமிட்டில், அதே சீட் எண்ணோடு ஓட்டுங்கள். விழுந்தால் நல்லது. இப்போது விழுந்த டெஸ்டை மட்டும் தனியாக ஓட்டுங்கள். தனியாகவும் விழுந்தால், அது முன்னால் ஓடும் வேறொரு டெஸ்ட் செய்துவைக்கும் வேலையை நம்பியிருக்கிறது; தேவையானதை அதுவே செய்துகொள்ளும்படி மாற்றுங்கள். தனியாகப் பாஸ் ஆனால், முன்னால் ஓடிய ஏதோ ஒன்று அழுக்கை விட்டுப் போயிருக்கிறது. முன்னால் ஓடியவற்றின் பட்டியலை எடுத்து, கலைப்பதை நிறுத்திவிட்டு, பாதியை மட்டும் அதே வரிசையில் ஓட்டிக் கடைசியில் விழுந்த டெஸ்டை வையுங்கள். விழுந்தால் குற்றவாளி அந்தப் பாதியில். இல்லையென்றால் மறு பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 400-லிருந்து ஒன்றுக்கு வர ஒன்பது ஓட்டம் போதும். அரை நாள் வேலை.

அதே சீட் எண்ணிலும் விழவில்லையா? செட் என்ற பைத்தான் வகையின் வரிசையை யாராவது நம்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். செட்டுக்குள் எது எங்கே இருக்கும் என்பதை ஹாஷ் என்ற எண் தீர்மானிக்கிறது; பைத்தான் 3.3 முதல் சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) ஹாஷ் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். அதற்கென்று பைத்தான்ஹாஷ்சீட் என்ற தனி எண் உண்டு. உங்கள் பிளகின் காட்டும் எண் அதைக் கட்டுப்படுத்தாது.

சரி, வரிசை நிஜமாகவே வேண்டிய டெஸ்ட்? ஒன்று உண்டு. வாடிக்கையாளர் பதிவு செய்கிறார், ஓடிபி போடுகிறார், ஆர்டர் கொடுக்கிறார், ரத்து செய்கிறார், பணம் திரும்ப வருகிறது. இதில் எதையும் முன்பின்னாக மாற்ற முடியாது. ஆனால் இதை ஐந்து டெஸ்டாக எழுதி, ஐந்தும் இந்த வரிசையில்தான் ஓட வேண்டும் என்று கட்டளை போடுவது தப்பு. ஐந்து படியும் சேர்ந்து ஒரே கதை, அதனால் ஒரே டெஸ்ட். ஐந்து படியையும் ஒரே ஃபங்ஷனுக்குள் எழுதுங்கள். ரத்து மட்டும் உடைந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எந்தப் படியில் நின்றது என்பதைத் தோல்விச் செய்தியே சொல்லும்படி எழுதலாம். ரத்தை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டுமா, டேட்டாபேஸில் ஆர்டர் ஒன்றை நேரே உருவாக்கி வைத்துக்கொண்டு இன்னொரு டெஸ்ட் எழுதுங்கள். வரிசையைக் காப்பாற்றுகிறோம் என்று ஐந்து துண்டையும் அப்படியே விட்டுவைத்தால், ஓடிபி விழும் நாளில் பின்னால் இருக்கும் மூன்றும் சேர்ந்து விழும். நான்கு பிழை என்று அறிக்கை போகும், உடைந்தது ஒன்றே ஒன்று.

வரி மாற்றும் டெஸ்ட் மாதிரியானவற்றுக்கு மருந்து சுலபம். மதிப்பை நேரடியாக மாற்றாமல், பைடெஸ்டில் உள்ள மங்கிபேட்ச் என்ற வசதி வழியாக மாற்றச் சொல்லுங்கள்; டெஸ்ட் முடிந்ததும் அதுவே பழைய மதிப்பை வைத்துவிடும். சரிசெய்த பின் முதலில் பழைய சீட் எண்ணில் ஓட்டிப் பாருங்கள். பிறகு அன்றிரவே புதுப் புது எண்களில் ஓர் இருபது தடவை ஓடவிட்டுப் போங்கள். காலையில் விழுந்த எண்கள் ஏதாவது இருந்தால், அவைதான் அன்றைய வேலைப் பட்டியல்.